அயலிடத்தில் தங்குதல்

வீட்டைத் துறந்து புறப்படுதல் ஒன்று. வீட்டில் சலித்துப் புறப்படுதல் மற்றொன்று. நடக்கும் பாதை ஒன்றே. காலில் படியும் புழுதியும் ஒன்றே. ஆயினும் முன்னதைத் தம்மம் புகழ்கின்றது; பின்னதைக் குறித்து எச்சரிக்கை செய்கின்றது. இடம் மாறினால் மனமும் மாறிவிடும் என்று எண்ணுவதும் வேட்கையின் ஒரு வடிவமே ஆகும். மலையில் வெறுப்புற்றுக் கடற்கரைக்கும், கடற்கரையில் வெறுப்புற்று மலைக்கும் ஓடுகின்றவனோடு அவ்வெறுப்பும் கூடவே ஓடுகின்றது.

இவ்வினா இக்காலத்தில் புதியதோர் உருவில் எழுந்துள்ளது. பணி ஓய்வு பெற்ற கணவன் மனைவியர் சிலர், தம் வீட்டை வாடகைக்கு விட்டோ விற்றுவிட்டோ, ஒரு நாட்டில் மூன்று மாதம், மற்றொரு நாட்டில் ஆறு மாதம் எனத் தங்கித் தங்கிச் செல்கின்றனர். நாளுக்கோர் ஊர் எனப் பறந்து திரியும் சுற்றுலாவில் அவர்களுக்கு விருப்பம் இல்லை. ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அவ்வூர்ச் சந்தையில் காய்கறி வாங்கி, அவ்வூர் மொழியில் பத்துச் சொல்லேனும் பயின்று வாழ்வதே உண்மையான பயணம் என்பது அவர்தம் கொள்கை. கேட்பதற்கு இனிமையாகவே உள்ளது. நம்மவர் பிள்ளைகள் பலர் அயல்நாடுகளில் வேலையில் அமர்ந்துவிட்டமையால், பெற்றோர் ஆண்டில் சில மாதங்கள் அங்குச் சென்று தங்கி வருதல் நம் குடும்பங்களிலும் வழக்கமாகி வருகின்றது. ஆகவே இது நமக்குத் தொலைவான வினா அன்று. மெல்லச் செல்வதனாலேயே ஒரு பயணம் அறமாகிவிடுமா? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

பகவன் புத்தர் தம் முதல் அறுபது அரஹந்தர்களை உலகின் நன்மைக்காகத் திசைதோறும் அனுப்பியபோது, இருவர் ஒரே வழியில் செல்ல வேண்டா என்று பணித்தார் என விநயம் கூறும். ஓயாது நடத்தலே அன்று பிக்குகளின் வாழ்வு. பின்னர் ஒரு குறை எழுந்தது. மழைக்காலத்திலும் இவர்கள் நடந்து திரிந்து பசும்புல்லை மிதிக்கின்றனரே, சிற்றுயிர்களை நசுக்குகின்றனரே, பறவைகள்கூட அக்காலத்தில் கூடு கட்டித் தங்குகின்றனவே என்று மக்கள் முறையிட்டனர். அதன் பின்னரே மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸாவாசம் விதியாயிற்று. இதில் நாம் கருதத் தக்கது யாது? தங்குதல் என்னும் நல்லொழுக்கம் நடப்பவரின் களைப்பிலிருந்து தோன்றவில்லை; நடக்கப்பட்ட நிலத்துக்கு உரியோரின் முறையீட்டிலிருந்து தோன்றிற்று. உழவன் குறை கூறினான், சங்கம் செவிசாய்த்தது. இவ்வரலாற்றைப் பலரும் போகிற போக்கில் படித்துச் செல்கின்றனர். எனக்கோ இதுவே வழிநடையின் அறம் முழுவதற்கும் வேர் என்று தோன்றுகின்றது.

அது துறவிகளுக்கு உரியது, மணமான இருவருக்கு அது எங்ஙனம் பொருந்தும் என்று அன்பர்கள் கேட்கலாம். நகுலபிதா, நகுலமாதா என்னும் முதிய தம்பதியரை நாம் அறிவோம். இப்பிறவியில் போலவே வரும் பிறவியிலும் ஒருவரையொருவர் காண விரும்புகின்றோம் என்று அவர்கள் பகவனிடம் கூறினர். சிரத்தை, சீலம், ஈகை, பிரக்ஞை ஆகிய நான்கிலும் ஒத்திருப்பீராக என்பதே அவர் அளித்த விடையின் கருத்து. ஒரே கூரையின் கீழ் இருத்தல் அந்நான்கில் ஒன்றன்று. எனவே கூரையே இல்லாமலும் இருவர் இல்லறத்தாராய் இருத்தல் கூடும். அங்ஙனம் வாழ முயன்ற இருவரைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறுதல் தகும்.

ஜெர்மனியில் 1898இல் பிறந்த எர்ன்ஸ்ட் ஹாப்மன் என்பவர் 1928இல் இலங்கைக்கு வந்து, தொடந்துவை ஏரித் தீவில் ஞானதிலோக தேரரின் ஆசிரமத்தைச் சேர்ந்து, கோவிந்தர் என்னும் பெயருடன் அநாகாரிகர் ஆனார். 1931இல் டார்ஜிலிங்கில் நடைபெற்ற பௌத்த மாநாட்டுக்கு அவர் வந்த நோக்கம், தேரவாதமே தூயது, திபெத்தியருடையது கலப்புற்றது என நிறுவுதற்கு. வந்தவர் கூம் மடாலயத்தில் தங்கினார், டோமோ கெஷே ரின்போச்சேயைக் கண்டார், திரும்பவில்லை. மாநாட்டில் பேசிவிட்டு மறுநாளே வண்டியேறியிருந்தால் கொண்டுவந்த கருத்தை அப்படியே கொண்டு போயிருப்பார். தங்குதலின் பயன் இதுவென்றால் மறுப்பார் யார்? நம் அயோத்திதாசப் பண்டிதரும் 1898இல் கொழும்புக்குச் சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். அப்பயணம் சிறிது, பலனோ நாம் இன்று இவ்விதழைக் கையில் வைத்திருப்பது. ஆகவே நாள்களை எண்ணிப் பயணத்தின் தரத்தை அளத்தல் இயலாது என்பதையும் இடையில் சொல்லி வைக்கின்றேன்.

கோவிந்தர் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராய் இருந்த காலத்தில் அங்கு ஓவியம் பயின்றவர் ரத்தி பெட்டிட் என்னும் பார்சி மங்கை. பம்பாயில் செல்வக் குடியில் 1906இல் பிறந்தவர். புகைப்படக் கலையிலும் வல்லவர். இருவரும் 1947இல் மணம் புரிந்தனர். அவர் லீ கௌதமி எனப் பெயர் பூண்டார். மறு ஆண்டில் இருவரும் மேற்குத் திபெத்துக்குப் புறப்பட்டு, மானசரோவரத்தையும் கைலை மலையையும் கடந்து, சட்லெஜ் ஆற்றின் கரையில் உள்ள ட்சபராங்கை அடைந்தனர். அது ஒரு காலத்தில் கூகே அரசின் தலைநகர். 1624இல் அந்திராடே என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார் அங்குச் சென்றார். 1630இல் லடாக்கியரிடம் அந்நகர் வீழ்ந்தது. அதன் பின் அது பெரும்பாலும் பாழூரே. இடிபாடுகளுக்கு இடையே சில கோயில்கள் மட்டும் நின்றன. சுவர் முழுதும் ஓவியங்கள்.

அவற்றைப் படியெடுப்பதற்காகவே அவ்விருவரும் அங்குத் தங்கினர். குளிர்காலம், தீமூட்ட இயலாத கோயில், மை தூரிகையிலேயே உறைந்துவிடும். லீ கௌதமி மூச்சால் ஊதி ஊதித் தூரிகையை இளக்கி ஒவ்வொரு கோட்டையும் வரைந்தார். ஒரு சுவரைப் படியெடுக்க எத்தனை மூச்சு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! தியானம் என்று நாம் எதனைச் சொல்கின்றோமோ அதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை எனக்குப் புலப்படவில்லை. இடையில் அப்பகுதி அதிகாரி வந்து வேலையை நிறுத்திப் புறப்படுமாறு ஆணையிட்டார். அவர்கள் மன்றாடிச் சிறிது காலம் பெற்று, இயன்றதை முடித்து, பனி மூடிய வழியில் இறங்கிப் பூ என்னும் எல்லைச் சிற்றூரை அடைந்தனர். (நம் செவிக்கு மலராய் ஒலிக்கும் அவ்வூர் உண்மையில் கல்லும் காற்றும் மிகுந்த மலையூர்.) 1966க்குப் பின் சீனத்தின் பண்பாட்டுப் புரட்சியில் ட்சபராங் கோயில்களின் சிலைகள் உடைக்கப்பட்டன. லீ கௌதமி எடுத்த படங்கள் 1979இல் இரு தொகுதிகளாக வெளிவந்தன. உடைபடுவதற்கு முன் அவை எவ்வாறு இருந்தன என்பதை இன்று அறிய விரும்புவோர் அப்படங்களைத் தேடுகின்றனர்.

இத்துணையும் புகழ்ச்சியே. இங்கேயே நிறுத்திக்கொண்டால் கட்டுரை இனிதாய் முடிந்திருக்கும். ஆனால் நாம் யார் என்பதை நாம் மறக்கலாகாது. ஆதலின் மற்றொரு வினாவைக் கேட்டே தீர வேண்டும். அவ்விருவரின் பெட்டிகளையும் கூடாரத்தையும் தாள்கட்டுகளையும் சுமந்தவை எவை? சுமப்பித்தவர் யாவர்?

அக்காலத் திபெத்தில் ஊலா என்றொரு கடமை இருந்தது. லாசா அரசின் இசைவுச் சீட்டை உடையவர் ஓர் ஊரை அடைந்து அதைக் காட்டினால், அவ்வூரார் பொதி மாடுகளையும் ஆள்களையும் கொடுத்து அடுத்த தங்குமிடம் வரை கொண்டு சேர்த்தல் வேண்டும். அறுவடை நாளாயினும், குட்டி ஈனும் காலமாயினும் வேண்டும். கோவிந்தரும் துணைவியாரும் அத்தகைய சீட்டுடனேயே சென்றனர். அஃதின்றி அப்பகுதியில் எவரும் செல்ல இயலாது. அவர்கள் எவரையும் அடித்தனர் என்றோ, கூலியின்றி வேலை வாங்கினர் என்றோ நான் கூறவில்லை. அத்தகைய இயல்பினர் அல்லர் அவர்கள். கூலி கொடுத்தனரா என்பது இங்கு வினாவன்று. மறுக்க இயலுமா என்பதே வினா. அம்மாட்டுக்காரன் ‘இன்று வர மாட்டேன், ஐயா’ என்று சொல்லிவிட்டுத் தன் கொட்டிலுக்குத் திரும்ப இயலுமாயின் அவன் பெற்றது கூலி. இயலாதாயின் அவன் செய்தது வெட்டி. கையில் காசு விழுந்தாலும் அது வெட்டியே.

வெட்டி என்னும் சொல்லை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பிணம் சுட, பறை அறைய, ஓலை கொண்டு ஓட, அதிகாரி வந்தால் அவர் மூட்டையைத் தலையில் தாங்கி அடுத்த எல்லை வரை நடக்க நம் பாட்டன்மார் அழைக்கப்பட்டனர். மராட்டிய நாட்டில் மகர்களின் நிலையும் அதுவே. ‘வதன்’ என்னும் பெயரால் சிறு நிலமும் தானியமும் கொடுத்து, இரவு பகலாக வேலை வாங்கினர். அதனை ஒழிக்க வேண்டியே பாபாசாகேப் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். ஊருக்கு வந்த அதிகாரி விரைந்து வந்தாரா, மெல்ல வந்தாரா என்பது மூட்டை தூக்கியவனுக்கு ஒரு பொருட்டன்று. சொல்லப் போனால், மெல்ல வந்து பல நாள் தங்கியவரே அவனுக்கு மிகுந்த துன்பம். நாள்தோறும் விறகும் தண்ணீரும் கொண்டு போக வேண்டுமன்றோ?

இருவர் கைகோத்து அயல்நாடு சென்று நெடுநாள் தங்கியதற்கு நம்மிடையேயும் வரலாறு உண்டு. அதனை எவரும் பயண நூலாக எழுதவில்லை. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதில் கணவனும் மனைவியுமாய்ச் சென்றோரும் இருந்தனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், கரும்புத் தோட்டம். 1911 வரை இவ்வாறு ஆள்கள் அனுப்பப்பட்டு வந்தனர். அவர்களும் மெல்லவே சென்றனர், அயல்மொழியைப் பயின்றனர், அந்நாட்டுச் சந்தையிலேயே பொருள் வாங்கினர், பிள்ளை பெற்று, அம்மண்ணிலேயே புதைந்தனர். மெல்லப் பயணத்தின் இலக்கணம் என்று இன்று சொல்லப்படுவன யாவும் அவர்களிடம் இருந்தன. அவர்களிடம் இல்லாதது ஒன்றே: மாட்டேன் என்னும் சொல். ஒப்பந்தக் காலத்தில் அச்சொல்லைச் சொன்னால் சிறை.

எனவே நான் கண்ட அளவுகோல் இது. விருந்தினனும் விருந்தோம்புவானும் ஒருவரையொருவர் மறுக்கும் உரிமை உடையராயிருத்தல் வேண்டும். அவ்வுரிமை இருபாலும் இருக்கையில் ஒரு நாள் தங்கலும் அறமாகும். ஒருபால் அற்றபோது ஓராண்டுத் தங்கலும் அறமாகாது. மெல்லச் செல்வதற்கு ஒரு சிறப்பு உண்டென்றால், மறுப்புச் சொல் காதில் விழும் அளவுக்கு அது காலம் தருகின்றது என்பதே. விரைந்து செல்பவன் புன்னகையை மட்டும் கண்டு போய்விடுகின்றான்.

இவ்வளவுகோலை அவ்விருவரின் வாழ்வில் வைத்துப் பார்த்தால் வேறு சிலவும் தெளிவாகின்றன. கோவிந்தர் 1938இலேயே பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்தும், போர்க்காலத்தில் ஆங்கில அரசு அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது. டேராடூன் முகாமில் ஞானபொனிக தேரரும் உடன் இருந்தார். 1945இல்தான் விடுதலை. தன் விருப்பால் நாடு நாடாகத் திரிந்தவர், விருப்பின்றி ஓரிடத்தில் இருத்தல் எத்தன்மையது என்பதை முள்வேலிக்குள் அறிந்தார். அவ்வாண்டுகளை அவர் படிப்பிலும் எழுத்திலும் கழித்தார் என்பர்; அது அவர் பெருமை. எனினும் வேலி வேலியே.

பிற்காலத்தில் இருவரும் அல்மோராவுக்கு அருகே கசார் தேவி மலைமுகட்டில், எவான்ஸ் வென்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞருக்கு உரிய நிலத்தில் வீடு அமைத்து இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தனர். பயணிகள் இருவரும் அங்கு ஊரார் ஆயினர். 1966இல் கோவிந்தரின் பயண நூல் வெளிவந்தது. அதைப் படித்தவரும், அவரைப் பற்றிக் கேள்வியுற்றவருமாக மேனாட்டு இளைஞர் பலர் அம்முகட்டைத் தேடி வந்தனர். அழையா விருந்தினர் கூட்டம் பெருகியது. முடிவில் வருவோரைத் தடுக்க அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதாயிற்று. இதைச் சிலர் நகைப்புக்கு உரியதாகக் கூறுவர். ஊர் ஊராய்ப் பிறர் கதவைத் தட்டியவர் தம் கதவை அடைத்தாரே என்பர். நான் அவ்வாறு கருதவில்லை. ஓவியம் தீட்டவும் எழுதவும் முதுமையில் அமைதி வேண்டியவர் ‘இன்று இயலாது’ என்று சொன்னது குற்றமன்று. மாட்டுக்காரனுக்கு இல்லாதிருந்த பலகை இவர்களுக்கு இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

முதுமையும் நோயும் நெருக்கவே, அவர்கள் தம் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவுக்குச் சென்றனர். சான் பிரான்சிஸ்கோ ஜென் நிலையத்தார் அளித்த இல்லத்தில் வாழ்ந்தனர். 1985 ஜனவரியில் கோவிந்தர் அங்குக் காலமானார். லீ கௌதமி இந்தியாவுக்குத் திரும்பி 1988இல் மறைந்தார். நோயுற்ற முதியவர் இருவர் தம் பிணியின் பாரத்தை எவர் மீது வைப்பது என்ற கேள்வியும் அயலிட வாழ்வில் உண்டு. நலமாக இருக்கும் நாளில் அதனை நினைப்பவர் அரியர். ஜென் நிலையத்தார் விரும்பி ஏற்றனர். விரும்பி ஏற்றார் என்பதனால் அது தானம்.

நிற்க. இக்காலத் தம்பதியரிடம் வருவோம். அவர்கள் கையில் லாசாவின் சீட்டு இல்லை. ஆயினும் அதற்கு ஈடான ஒன்று உண்டு. அதுதான் நாணய மாற்று விகிதம். செல்வ நாட்டின் ஓய்வூதியம் ஏழை நாட்டில் மூன்று நான்கு மடங்காகப் பெருகுகின்றது. ‘இங்கே செலவு குறைவு’ என்று அவர்கள் வீட்டுக்கு எழுதுகின்றனர். செலவு குறைவு என்பது வேறொருவரின் கூலி குறைவு என்பதன் மறுபெயர். சமைக்கும் அம்மையாரும், துணி வெளுக்கும் இளைஞனும், படகு ஓட்டுபவரும் குறைந்த கூலிக்கு உழைப்பதனாலேயே அவ்விருவரின் நாள்கள் நிதானமாக நகர்கின்றன. வெளியூரார் மிகுதியாக வந்து தங்கிய இடங்களில் வீட்டு வாடகை ஏறி, அவ்வூர்ப் பிள்ளைகள் மணமானபின் அவ்வூரிலேயே குடியிருக்க இயலாத நிலையும் ஏற்படுகின்றது. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவிலும் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனிலும் மக்கள் இதனைத் தெருவில் திரண்டே கூறியுள்ளனர். பசும்புல் மிதிபடுகின்றது என்று அன்று மகத நாட்டார் கூறியதற்கும் இதற்கும் தொடர்பு இல்லையா?

அதற்காக எவரும் எங்கும் போகலாகாது என்பது என் கருத்தன்று. ஒரே ஊரில் பிறந்து, ஒரே தெருவில் இருந்து, ஒரே கிணற்றிலிருந்து விலக்கப்பட்ட நமக்கு, ஊரை விட்டு வெளியேறுதல் பல காலும் விடுதலைக்கு வழியாய் இருந்தது. கோலார் தங்க வயலுக்கும், ரங்கூனுக்கும், கொழும்புக்கும் சென்ற நம் முன்னோர் அங்குத்தான் முதன்முதலில் பெயர் சொல்லி மரியாதையுடன் அழைக்கப்பட்டதாகக் கூறுவர். ஆகவே பயணத்தைப் பழிப்பது நமக்கு ஆகாது. எவர் சுமக்கின்றார் என்று கேட்பது மட்டும் நம் உரிமை, கடமையும் ஆகும்.

வஸ்ஸாவாசத்தின் இறுதி நாளில் பிக்குகள் பவாரணை செய்வர் என்பதை அன்பர்கள் அறிவர். மூன்று மாதம் உடன் வாழ்ந்தவரை நோக்கி, என்னிடத்தில் குற்றம் கண்டீரோ, கேட்டீரோ, ஐயுற்றீரோ, கருணை கொண்டு கூறுவீராக என வேண்டுதல் அதன் கருத்து. அதன் பின்னரே புறப்பாடு. இல்லறத்தார்க்கு இவ்விதி இல்லை. ஆயினும் அயலூரில் மூன்று மாதம் தங்கிய தம்பதியர் அறையைக் காலி செய்யும் முன், வீட்டு உடைமையாளரிடமும், தம் வீட்டில் வேலை செய்தவரிடமும், அண்டையில் இருந்தவரிடமும் இதனைக் கேட்டுவிட்டுப் புறப்பட்டால் என்ன? நாங்கள் இருந்ததனால் உங்களுக்கு எது கடினமாயிற்று என்று அவ்வூர் மொழியிலேயே கேட்க வேண்டும். பயின்ற பத்துச் சொல்லுக்கு அதைவிட நல்ல பயன் இல்லை.

விடை எளிதில் வராது. வாடகை நின்றுவிடும், வேலை போய்விடும், அடுத்து வருவோரிடம் நற்சொல் கிடைக்காது என்னும் அச்சம் வாயை அடைக்கும். ஆதலின் கணக்கு முழுவதையும் தீர்த்து, பேசியதற்கு மேலாக ஒரு மாதக் கூலியையும் கையில் கொடுத்து, இனி இவர்களால் தமக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்னும் நிலை வந்தபின் கேட்பது நலம். அப்போதும் பலர் சிரித்து, ‘ஒன்றுமில்லை, மீண்டும் வாருங்கள்’ என்பர். ஒருவர் இருவர் சொல்வர். விடியற்காலையில் நீங்கள் தண்ணீரைத் திறந்துவிட்டால் எங்கள் குழாயில் வராது என்பார் ஒருவர். எங்கள் பாட்டியைக் கேளாமல் படம் எடுத்தீர்கள், அவர் இரண்டு நாள் பேசவில்லை என்பார் இன்னொருவர்.